சன்னலுக்கு வெளியே ஆறடி

2009ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டுத் தணிகாசலம், என் படுக்கையறைச் சுவரை ஒட்டிய என்னுடைய ஆறடி நிலத்தை முள்கம்பியால் வளைத்து, உள்ளே ஒரு நாற்காலியைப் போட்டு, என் சன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். என்ன இது என்று கேட்டேன். கையிலிருந்த கம்பி வெட்டும் குறட்டை ஒருமுறை திறந்து மூடினார். நான் சன்னலைச் சாத்தினேன். அதன்பின் நாள்தோறும் அவர் அங்கே உட்கார்ந்தார். அவர் இருமும்போதெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகே வழக்குத் தொடுக்கத் துணிந்தேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் தடையின்றி அனுபவித்துவிட்டதால் நிலம் சட்டப்படி தமக்கே உரியது என்று அவர் பதில் மனு கொடுத்தார்.

நான் சாட்சிக் கூண்டில் ஏறுமுன் என் வக்கீல் அருள்மேரி காதருகே குனிந்தார். “நான்தான் உக்காரச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. அனுமதியோட இருந்தவரு எத்தனை வருஷம் இருந்தாலும் நிலம் அவருதாகாது.”

அருகில் நின்ற தணிகாசலம் சிரித்தார். “டீச்சரம்மாவுக்குப் பொய் வராது, வக்கீலம்மா. பயம்தான் வரும்.”

“நீங்க அவருக்கு அனுமதி கொடுத்தீங்களா?” என்று நீதிபதி கேட்டார். தணிகாசலம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லை. தடுக்கப் பயந்தேன்,” என்றேன்.

ஆறடி நிலம் தணிகாசலத்துக்கே உரியது என்றும், அதில் என் சுவரை ஒட்டி அவர் படுக்கையறை கட்டுவதை நான் தடுக்கக் கூடாது என்றும் தீர்ப்பாயிற்று.