அப்பீலுக்கு அனுமதி

"ஒரு வரியிலயோ பிள்ளை? ஆறு வருச வழக்கை ஒரே ஒரு வரியில முடிச்சுப்போட்டினமோ?"

பஸ்ரியன் அனுமதி மறுத்த நீதிமன்றக் கடிதத்தை மேசையில் வீசினார். பிக்கரிங் நகரிலிருந்து, கொட்டும் பனிக்குள் காரோட்டி வந்தவர், குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

சட்டத்தரணி ரதிக்குத் தலை வலித்தது. இதையே நேற்றுத் தொலைபேசியில் அவருக்கு மூன்று தரம் சொல்லியாகிவிட்டது.

"அங்கிள், முதல் அப்பீல் உரிமை. ஆரும் போகலாம். ரெண்டாம் அப்பீலுக்கு அனுமதி கேக்கவேணும். மூண்டு நீதிபதிமார் பேப்பரை வாசிச்சு, விசாரிக்கிறதோ விடுறதோ எண்டு தங்கட எண்ணப்படி முடிவெடுப்பினம்."

"அப்ப கீழ்க்கோட்டுத் தீர்ப்புச் சரியெண்டு சொல்லினமோ?"

"அதுவும் சொல்லேல்லை. உந்தக் கட்டத்தில ஆரில பிழையெண்டு பாக்கிறது அவையின்ர வேலையில்லை. வழக்கில இருக்கிற சட்டக் கேள்வி மற்றச் சனத்துக்கும் முக்கியமோ எண்டுதான் பாப்பினம். செத்துப்போன அம்மா கும்பிட்ட மாதா சுருபம் அண்ணனுக்கோ தம்பிக்கோ எண்டதில ஊருலகத்துக்கு என்ன முக்கியம்?"

"ரெண்டு பேரையும் கூப்பிட்டு ஒரு மணித்தியாலம் விசாரிச்சா அவைக்கு என்ன குறைஞ்சுபோகும்?"

"எல்லாரையும் கூப்பிட்டா அந்தக் கோட்டுத் தாங்காது, அங்கிள்."

"சரி, ஏன் மறுத்தவை எண்டாவது எழுதலாமே?"

"எழுதவேணுமெண்டு கட்டாயமில்லை."

"மறுத்தது பிழையெண்டு வேற எங்கயும் போகேலாதோ?"

"ஏலாது. இதோட முடிஞ்சுது."

"முடிஞ்சுதோ?" பஸ்ரியன் எழுந்து ஜன்னல்வரை நடந்தார். திரும்பி வந்தார். கடிதத்தை மறுபடி எடுத்து, பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தார். "இது என்ன நியாயம் பிள்ளை? கேக்கமாட்டம் எண்டு சொல்லுறதுக்கு ஒரு கோட்டோ? நீர் திரும்பவும் ஒருக்கா எழுதிப் பாரும்."

ரதியின் பொறுமை அறுந்தது.

"அங்கிள், நீங்கள் ஏன் துள்ளுறியள்? அனுமதி கேட்டது உங்கட அண்ணை! தோத்தது அவர்! ரெண்டு கோட்டிலயும் வெண்டது நீங்கள். சுருபம் உங்கட வீட்டிலதான் இருக்கப்போகுது. இனி ஆரும் அசைக்கேலாது. சந்தோசமாப் போய் இருங்கோவன்!"

பஸ்ரியன் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். சத்தமெல்லாம் இறங்கிப்போயிருந்தது.

"தெரியும் பிள்ளை. வழக்கு வேண்டாம், சுருபத்தை நீங்களே வைச்சிருங்கோ எண்டு அண்ணை வீட்டுக்குக் கொண்டுபோனன். கதவு திறக்கேல்லை. போன் அடிச்சாலும் எடுக்கிறாரில்லை," என்றார். "அம்மாவை அடக்கம் செய்த நாளிலயிருந்து மாக்கஸ் அண்ணை எனக்குப் பக்கத்தில வந்து இருந்தது கோட்டில போட்டிருக்கிற வாங்கிலில மட்டும்தான்."