ஏகமனது

பெட்டியைத் திறந்த அதிகாரி முதல் உறையைப் பிரித்துப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் படித்தார்.

"ஏகமனதுக்கு ஒரு கோரிக்கை."

ஏகமனது எங்கள் குதிரை. உறவினரும் நண்பருமாகப் பதினொருவருக்குச் சொந்தமான ஒரே குதிரை. அந்தப் பெயரையே ஆறுக்கு ஐந்து என்ற வாக்கில்தான் தேர்ந்தெடுத்தோம்.

சற்றுமுன் முடிந்த பந்தயத்தில் அது கடைசியாக வந்திருந்தது. லாயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த மற்றக் குதிரைகள் வழியில் அதை எதிரே சந்தித்தன என்று கசாப்புக்கடை ஃபின்டன் சொன்னதை நான் மிகையென்றே கொள்கிறேன்.

அது விற்பனைப் பந்தயம். ஓடிய குதிரைகளுள் எதையேனும் குறித்த விலைக்கு வாங்க விரும்புகிறவர், பதினைந்து நிமிடத்துக்குள் தம் பெயரை எழுதி உறையிலிட்டுப் பெட்டியில் போட வேண்டும். சொந்தக்காரரும் போடலாம். பலர் கேட்டால் குலுக்கல். வேண்டாத குதிரையை மனம் நோகாமல் கைகழுவ அயர்லாந்து முழுவதிலும் இதைவிடக் கண்ணியமான வழி கிடையாது.

கைகழுவும் தீர்மானத்தை எழுதியவன் பள்ளி ஆசிரியனான நான். பத்துக் கைகள் உயர்ந்தன.

என் தங்கை அட்ராக்டா மட்டும் கை உயர்த்தவில்லை, எதிர்க்கவும் இல்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களையெல்லாம் ஒன்றுசேர்த்து இந்தக் குதிரையை வாங்கவைத்தவன் அவளுடைய கணவன் மலாக்கி. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அவளை லாயத்துக்கு அழைத்துப்போவான். அவன் இறந்து ஏழு மாதமாகியும் அவள் ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை. அவளுக்கு மிஞ்சியது அந்தக் குதிரைதான் என்பதை எங்கள் மேயோ மாவட்டத்தில் அறியாதவர் இல்லை.

இப்போதும் அதனிடம் விடைபெறத்தான் போயிருந்தாள்.

"இரண்டாவதும் ஏகமனதுக்கே" என்றார் அதிகாரி. கையெழுத்து எங்கள் பெரியப்பா மகன் ஃபாதர் கோல்மனுடையது. அவர் வானத்தைப் பார்த்தார்.

"என்ன ஃபாதர், பாவசங்கீர்த்தனப் பெட்டின்னு நெனச்சுப் போட்டுட்டீங்களா?" என்று ஃபின்டன் விழுந்து விழுந்து சிரித்தான்.

மூன்றாவது உறை ஃபின்டனுடையது.

சிரிப்பு நின்றது. "எனக்கு எதுக்குய்யா குதிரை? ஜெயிச்சா அட்ராக்டாக்காவுக்குத்தான் குடுத்திருப்பேன்" என்றான், யாரும் கேளாமலே.

நான்காவது, ஐந்தாவது, ஆறாவது என அத்தனையும் எங்கள் ஆட்களுடையவை. ஒவ்வொருவரும் அவளுக்காகவே போட்டதாகத் தரையைப் பார்த்து முணுமுணுத்தனர். முதலாவதாக வந்த குதிரையை ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. சபையில் கை உயர்த்திவிட்டு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பதுங்கிவந்து பெட்டியில் உறை போடுவது எந்த ஊர் நாணயம்? தீர்மானம் என்றால் அதற்கு ஒரு மதிப்பு வேண்டாமா? இதை உரக்கக் கேட்பதற்காகத் தொண்டையைச் செருமினேன்.

ஒன்பதாவது உறையைப் பிரித்த அதிகாரி என் பெயரைப் படித்தார்.

"சொல்லுங்க மாஸ்டர், என்னமோ சொல்ல வந்தீங்களே" என்றான் ஃபின்டன்.

செருமலை இருமலாக மாற்றிக்கொண்டேன்.

பத்தாவதும் எங்களுடையது. கணக்கு அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பெட்டிக்குள் இன்னோர் உறை கிடந்தது.

டிப்பரரியிலிருந்து வந்திருந்த குதிரை வியாபாரி ஒருவன் தொப்பியை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான். "கடைசியா வந்த குதிரைக்குச் சொந்தக்காரங்களே பத்துப் பேரு ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்து சீட்டுப் போடுறீங்க. உள்ள ஒண்ணுமில்லன்னு நம்புறதுக்கு நான் என்ன இளிச்சவாயனா?"

எங்கள் பத்துப் பேரின் முகத்திலும் இரத்தம் வற்றியது. எங்கள் அன்பைப் பார்த்தல்லவா அவன் ஆசைப்பட்டிருக்கிறான்! நாங்கள் சும்மா இருந்திருந்தால் அந்தக் குதிரையை உலகில் ஒருவனும் தொட்டிருக்க மாட்டான்.

எண்ணிட்ட பதினொரு வில்லைகளைத் தோல்பையில் போட்டு அதிகாரி குலுக்கினார். ஃபாதர் கோல்மன் செபமாலையை எடுத்தார். ஃபின்டன் என் கையைப் பற்றிக்கொண்டான், நான் விடுவித்துக்கொள்ளவில்லை. அட்ராக்டாவிடம் வெறுங்கையோடு போய் எப்படி நிற்பது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைவில்லை.

"ஒன்பது."

என் எண்.

அதன்பின் நடந்தவை எழுதத் தக்கவையல்ல. ஃபின்டன் என்னை முத்தமிட்டான் என்பதை மட்டும் வருத்தத்துடன் பதிவுசெய்கிறேன்.

லாயத்துக்கு ஊர்வலமாகப் போனோம். பணியாளிடமிருந்து கயிற்றை வாங்கினேன்; சில அடி தள்ளி நின்றிருந்த அட்ராக்டாவின் கையில் வைத்தேன்.

"இனி இது முழுக்க முழுக்க உன்னுடையது" என்றேன்.

அவள் கயிற்றைப் பார்த்தாள். குதிரையைப் பார்த்தாள். பிறகு எங்கள் பத்துப் பேரையும் ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டாள். கசாப்புக்காரன் தேம்பித் தேம்பி அழுதான்.

மற்றவர்கள் மதுக்கடையை நோக்கி நகர்ந்தபின், ஏகமனது கழுத்தை நீட்டி அவள் தோளில் மோவாயை வைத்தது. அவள் அசையவில்லை. மூச்சு விட்டதாகவும் தெரியவில்லை.

"அண்ணா," என்றாள், உதடு பிரியாமல். "எனக்குச் சின்ன வயசுலேருந்தே குதிரைன்னா பயம். அவருக்கே கடைசிவரைக்கும் தெரியாது."

நான் கயிற்றுக்குக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாதேண்ணா. பாவம், எவ்வளவு சந்தோஷமாப் போறாங்க பாரு."