பூஜ்யம் வாங்கிய காவல் நிலையம்

தெருவிளக்குகளே குற்றங்களை எண்ணி டெல்லிக்குக் கணக்கு அனுப்புகிற காலம் அது. ஆண்டு முழுக்க ஒரு குற்றம்கூட விழாத காவல் நிலையத்தை மூடிவிடுவார்கள். மணக்காட்டுவிளையில் கடைசி நாள் வரைக்கும் பூஜ்யம்தான். எந்தச் சண்டையும் முற்றுவதற்குள் ஏட்டு இருதயமேரி இரண்டு தரப்பையும் டீக்கடையில் உட்காரவைத்துப் பேசித் தீர்த்துவிடுவாள். அந்தப் புண்ணியத்துக்குத்தான் அவளுக்கு மாற்றல்.

சாமான்களைக் கட்டிவிட்டு, நிலையத்தின் பெயர்ப்பலகையைக் கழற்ற வெளியே வந்தாள். பலகையைக் காணோம்!

வாசல் தெருவிளக்கு சிவப்பாக மின்னி அறிவித்தது: “திருட்டு ஒன்று. நிலையம் தொடரும்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு லத்தியோடு இறங்கினாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. எதிர் டீக்கடையில் பலகையை மேசையாகப் போட்டு, தெருவே சுற்றி உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தது.

“யாரு எடுத்தது?”

“நாந்தான் ஏட்டம்மா,” என்று எழுந்தார் கடைக்கார மைதீன்.

“ஆணியப் பிடுங்குனது நானாக்கும்!” என்று முந்தினாள் தையல்கடை பேச்சித்தாய்.

“எத்தன பேரு சேந்து எடுத்தாலும் கணக்குல ஒரு திருட்டுதான். ஒரு ஆளு போதும். பாய், நீங்க வாங்க.”

மைதீன் கல்யாணத்துக்குப் போகிறவரைப் போலத் தலையை வாரிக்கொண்டு கிளம்பினார். பேச்சித்தாய்க்கு முகம் தொங்கிப்போயிற்று.

“அப்ப அடுத்த வருசம் எங்க வீட்டு முறை,” என்றாள் விடாமல். “இப்பவே சொல்லிட்டேன், ஏட்டம்மா!”