நொண்டிக்கோழியைத் திறந்துவிட்ட அன்று

நாய் கடித்து ஒரு கால் மடங்கிப்போன பெட்டைக்கோழியை, விஜயகலா மடியில் வைத்து பலாங்கொடையிலிருந்து பஸ்ஸில் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்த தன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"ஒங்க கோழிக எல்லாம் சேர்ந்து இத கொத்தியே கொன்னுரும்க்கா. பேசாம கறி வச்சிருங்க" என்றாள் பக்கத்து வீட்டுத் தெய்வானை.

விஜயகலாவுக்கு மனசு கேட்கவில்லை. கம்பி வலைக்குள் ஒரு வாரம் தனியாக வைத்து, மற்றதுகளுக்கு முகம் பழக்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலை திறந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் லயத்துக்குப் பின்னால் ஒரே கூச்சல். இறகு பறந்தது. "ஐயோ, கொத்தாத! விடு, விடு!" என்று விஜயகலா கத்துவது கேட்டுத் தெய்வானை ஓடி வந்தாள். அதற்குள் விஜயகலா எதையோ முந்தானையில் சுற்றிக் குசினிக்குள் கொண்டுபோயிருந்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்லக்கா! உசுரு இருக்கா?"

"இருக்கு. கொண்டையில நல்ல காயம். மஞ்சள் வச்சிருக்கேன். பயத்துல இன்னும் நடுங்குது, பாவம்."

தெய்வானை குனிந்து பார்த்தாள். அடுப்போரம் ஒடுங்கிக் கிடந்தது, லயத்தையே அதட்டிக்கொண்டு திரிந்த பெரிய சேவல்.

வெளியே நொண்டிக்கோழி நிதானமாகத் தீனி தின்றுகொண்டிருந்தது. மற்ற நாலு பெட்டைகளும் தள்ளி நின்று, அது தின்று முடிக்கட்டும் என்று காத்திருந்தன.