அடக்கிய அலறல்

பீகாரிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் வந்திருந்த சுனைனாவுக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. பிரசவ அறைச் சுவரில் மொழிமானி பச்சையாக எரிந்தது. அதன் காதில் வேற்றுமொழி விழுந்தால், பிறக்கும் குழந்தைக்கு இங்கே வாழும் உரிமை கிடையாது.

‘அம்மா’ என்று கத்தத்தான் மாதக்கணக்காகப் பழகியிருந்தாள். ஆனால் வலி முற்றியபோது தொண்டைவரை வந்தது அவள் ஊர்ப் பேச்சின் ‘மாயீ ரே’தான். போர்வை நுனியை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள்.

“கத்தீரு கண்ணு, அடக்கிக்காத!” என்றார் நர்ஸ் பொன்னாத்தாள்.

சுனைனா மாட்டேனென்று தலையாட்டினாள்.

கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. மார்பில் கிடத்தியதும் வீறிட்டு அழுதது. சுனைனா பதறிப்போய் அதன் வாயைப் பொத்தினாள்.

“ஐயோ, கையை எடு! மூச்சு முட்டிப்போயிரும்!” என்று நர்ஸ் அவள் கையைப் பிடுங்கினார்.

சுனைனா சுவரிலிருந்த மொழிமானியை நிமிர்ந்து பார்த்தாள்.

“அக்கா, இவ தமிழ்லதானே அழுறா?”