நூற்றிருபது எம்பி

நுண்ணோக்கியில் கீறல் தெரிந்ததும் லோரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கூட வேலை பார்க்கும் வான்ஸ் உருவாக்கிய கம்ப்யூட்டர் டிஸ்க் அது. சட்டைப் பைக்குள் அடங்குகிற, நூற்றிருபது எம்பி, அதாவது மெகாபைட், கொள்ளும் டிஸ்க்.

லோரின் உருவாக்கியது அறுநூறு எம்பி. வேகமும் இரண்டு மடங்கு. என்ன பிரயோஜனம்? ஒரே கம்பெனி, ஒரே கிடங்கு. வான்ஸுடையது லாரி லாரியாகப் போகிறது, இவனுடையது தூசி படிந்து கிடக்கிறது. அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் ஞாயிற்றுக்கிழமை சர்ச் விருந்தில்கூட, உருளைக்கிழங்குத் தட்டைக் கையில் ஏந்தியபடி, லோரினிடமே வந்து வான்ஸைப் புகழ்கிறார்கள். வான்ஸின் டிஸ்க் ஏப்ரலில் கடைக்கு வந்த நாளிலிருந்து அவனுக்கு வயிறு எரிகிறது.

பனி விழத் தொடங்கியதும் டிஸ்குகள் பழுதாகித் திரும்பி வந்தன. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை, வான்ஸுக்கும்தான்.

லோரின் பத்து டிஸ்கை வீட்டுக்குக் கொண்டுபோய், மான் இறைச்சிக்கு நடுவே ஃப்ரீசரில் வைத்தான். விஷயம் தெரிந்துவிட்டது. குளிரில் பிளாஸ்டிக் ஓடு சுருங்குகிறது. டிஸ்கின் மூடி நகரும்போது உள்ளே தகவல் பதிந்திருக்கும் படலத்தைக் கீறிவிடுகிறது. வண்டியிலேயே விட்டுவிட்டுப் போன டிஸ்க் எல்லாம் மறுநாள் காலி.

பத்து மணிக்குக் கூட்டம். எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கலாம். வான்ஸின் முகம் போகிற போக்கை லோரின் இரண்டு தடவை நினைத்துப் பார்த்துக்கொண்டான். இனிமேலாவது தன் டிஸ்கைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆதாரத்துக்கு மூல வரைபடம் வேண்டும். அலமாரியிலிருந்து எடுத்து விரித்தான். மூடிக்கும் படலத்துக்கும் இடைவெளி எவ்வளவு என்று எழுதியிருந்தது. குளிருக்கென்று ஒரு கணக்கும் இல்லை. யார் பார்த்தாலும் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடக்கூடிய தப்பு.

அந்தக் கம்பெனியில் ஒருவர் வரைந்ததை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

கீழ் மூலையில் இருந்தது லோரினின் கையெழுத்து.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த வரைபடம் மேசைக்கு வந்த அன்றே அவனுக்குத் தெரிந்துவிட்டது, இது தன்னுடையதை விட நன்றாக இருக்கிறது என்று. அதைப் பார்த்துக்கொண்டிருக்கவே பொறுக்கவில்லை. படிக்காமலே கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட்டான்.

யாரோ கதவைத் தட்டினார்கள். வான்ஸ்தான். ஒரு வாரமாகத் தூங்காத முகம். விரித்துக் கிடந்த வரைபடத்தைப் பார்த்தான்.

"மூடிப் பக்கம் போயி நேரத்த வீணாக்காதப்பா," என்றான். "எல்லாத்தையும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன், இத மட்டும் தொடல. நீ பாத்ததாச்சே."