கங்காணி பேரில் வந்த கடிதம்

“என் தாலியை அறுத்தது ஒரு கடுதாசிங்கய்யா” என்றாள் பவுனம்மாள்.

பிரிக்பீல்ட்ஸ் கடைவரிசையின் ஐந்தடி நடைபாதையில் மேசை போட்டு, எழுதத் தெரியாதவர்களுக்குத் தமிழில் கடிதமும் இங்கிலீஷில் மனுவும் எழுதிக் கொடுப்பவர் சபாபதி. அவர் மனு எழுதினால் துரையே மூக்கைச் சிந்துவார் என்று அந்த வட்டாரத்தில் பேச்சு. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பவுனம்மாள் ஊரிலிருந்து கப்பலில் வந்து இறங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஆறு வருடங்களுக்கு முன், கிள்ளான் பக்கத்தில், ரப்பர் பால் எடுக்கும் கித்தாத் தோட்டத்தில் அவள் புருஷன் அய்யாவு காய்ச்சலில் இறந்துவிட்டதாகக் கங்காணி பேரில் ஊருக்குக் கடிதம் வந்திருக்கிறது. தாலியைக் கழற்றி, வளையலை உடைத்து, அவளை மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஊர் திரும்பிய ஒருவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது, அய்யாவு அதே தோட்டத்தில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று.

சபாபதி உடனே பேனாவை எடுத்தார். அய்யாவு மேல் மனுவை ஆரம்பிக்கப் போனவரை அவள் தடுத்தாள்.

“அந்த ஆளு கிடக்கட்டும்யா. வேணாம்னு விட்டுட்டான், அவ்வளவுதான். உசிரோட இருக்கறவனைச் செத்துட்டான்னு கூசாம எழுதினானே, அவனை மொதல்ல ஜெயில்ல போடச் சொல்லுங்க.”

“போட வச்சிடறேம்மா. அவன்லாம் ஒரு மனுஷனா?”

மளமளவென்று எழுதினார். ஈவிரக்கமற்ற பாதகன், ஒரு பெண்ணை உயிரோடு புதைத்தவன் என்று வார்த்தைகள் தாமாக வந்தன. எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டியபோது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தேநீர் குடிக்க வந்த ரயில்வே ஆட்கள் நின்று கேட்டுவிட்டு, அந்தப் பாவியின் கையை ஒடிக்க வேண்டும் என்றார்கள். சபாபதியும் ஆமாம் என்றார்.

“சாட்சிக்கு அந்தக் கடுதாசி இருக்காம்மா?”

பத்திரமாக வைத்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள்.

முதல் வரியைப் படித்ததும் சபாபதி, எழுதி வைத்த மனுவை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். “பொண்டாட்டி இன்னொருத்தனோட போயிட்டா, அந்த ஊருக்கு நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்யா” என்று இதே மேசைக்கு முன்னால் விம்மிய ஒரு நல்லவனுக்காக, கூடவே அழுதுகொண்டு, கங்காணி பேரில் அவரே எழுதிக் கொடுத்த கடிதம் அது.